குலவீரசிங்கம் எடை இழந்த கரை

அந்த ஆண்டு ஆடி அமாவாசை ஒரு சனிக்கிழமையில் வந்து வாய்த்தது, அதனால்தான் எல்லாம் நடந்தது. வேலை நாளில் வந்திருந்தால் ஸ்காபரோ முதியோர் சங்கத்தைச் சேர்ந்த நாங்கள் வழக்கம்போலக் கோயில் மண்டபத்தில் ஐயர் நிறைத்து வைக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கு முன்னால் வரிசையில் நின்று, காலமான தகப்பன்மாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, காத்தோட்டிக்காய்ப் பொரியலோடு விரதச் சோறு சாப்பிட்டுவிட்டு, பின்னேரம் முழுக்க வீட்டில் படுத்திருப்போம். சனிக்கிழமை என்றபடியால் சங்கத்தின் கோடைச் சுற்றுலாவையும் தகப்பன்மாரின் கருமத்தையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று ஒருவருக்கு யோசனை வந்தது. அந்த ஒருவர் நான்தான். பிறகு நடந்ததற்கெல்லாம் நானே பொறுப்பென்று சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். இருபத்தேழு வருடம் கணிதம் படிப்பித்துவிட்டு, போதாததற்குச் செயலாளர் பதவியையும் வாங்கிக்கொண்டவனுக்குப் பழி சுமப்பது புதிதல்ல.

நகரத்திலிருந்து வடக்கே நான்கு மணி நேரம் போனால் அந்த ஏரி வரும். ஏரி என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. மறுகரை தெரியாது, அலை அடிக்கும், தூரத்தில் கப்பல் போகும், காற்று வேட்டியைப் பறிக்கும், எல்லாம் கடல்தான், ஆனால் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தால் நல்ல கிணற்றுத் தண்ணீர்போல இனிக்கும். கரையில் மணல் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் கூழாங்கற்கள், சாம்பல் நிறத்தில், ஈரலின் நிறத்தில், பாசிப்பயற்றின் நிறத்தில், கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டு, ஒவ்வொன்றும் எத்தனையோ ஆயிரம் வருடம் தண்ணீர் உருட்டி உருட்டி வழவழப்பாக்கியது, அலை பின்வாங்கும்போதெல்லாம் அத்தனையும் சேர்ந்து உருண்டு ஓர் இரைச்சல் போடும். அதைப் படம் பிடிப்பதற்காகவே உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்களாம். எங்கள் பெண்கள் பஸ்ஸால் இறங்கிய அடுத்த நிமிடமே குனிந்து, எது இஞ்சி இடிக்கத் தோதானது, எது ஊறுகாய்ப் பானைக்குள் பாரம் வைக்க ஏற்றது என்று கையில் எடுத்து நிறுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

அங்கே ஒரு பலகை நின்றது. கல் எடுத்துப் போகக் கூடாது, உணவுப் பொருள் எதையும் தண்ணீரில் போடக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. முதலாவது கட்டளையால் பெண்களுக்கு மனவருத்தம், இரண்டாவதால் எங்களுக்குத் தலையிடி. எள்ளும் உணவு, பிண்டத்துச் சோறும் உணவு. பூங்கா அதிகாரி ஒரு சின்னப் பெண், அகலத் தொப்பி போட்டவள், பலகைக்குப் பக்கத்திலேயே நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தாள். சட்டத்தை மதிக்கிற சமூகம் என்று பெயர் எடுத்திருக்கிறோம், அதைக் கெடுக்க முடியாது. நான் பலகையை மூன்றாம் தரம் வாசித்தபோது அதில் ஓர் ஓட்டை தெரிந்தது.

"ஐயா, கல்லை எடுத்துக்கொண்டு போகத்தான் கூடாது. தண்ணிக்குள்ள போடக் கூடாதெண்டு எழுதேல்லை," என்றேன்.

சோமாஸ்கந்தக் குருக்கள் தாடையைத் தடவினார். எங்களோடு பஸ்ஸில் வந்த கோயில் ஐயர், வழியில் இரண்டு தரம் நித்திரையானவர், நல்ல மனிதர். "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் கல்லைத்தானே வைச்சு உயிரைக் கூப்பிடுறம்," என்றார். "பிண்டத்துக்குப் பதிலாக் கல்லு. பிழையில்லை."

அதன்படி நாற்பத்தெட்டுப் பேரும் ஆளுக்கொரு கல்லை எடுத்துக்கொண்டு தண்ணீர் காலை நனைக்கிற இடத்தில் தெற்கு நோக்கி நின்றோம். தனித்தனித் தகப்பன்மாருக்கு முன்னதாக, அந்த வருடம் தவறிப்போன சங்கத்து அங்கத்தவர் நால்வருக்கும் எல்லோரும் சேர்ந்து ஒரு பொதுக் கருமம் செய்வதென்பது தலைவரின் ஏற்பாடு. அந்த நால்வரின் பெயர்கள் ஒரு தாளில் இருந்தன. அதே அளவில், அதே சங்க முத்திரையோடு இன்னொரு தாளும் என் பையில் இருந்தது. பஸ் ஓடும்போது வாந்தி வரும், ஆனபடியால் முன் இருக்கைதான் வேண்டும் என்று எழுத்தில் கேட்டவர்களின் பட்டியல் அது. கேட்டவர் ஒரே ஒருவர், ஓய்வுபெற்ற தபாலதிபர் குலவீரசிங்கம். இரண்டு தாளுக்கும் நான் தலைப்புப் போடவில்லை. நான் ஐயரின் கையில் கொடுத்தது இரண்டாவது தாள்.

ஐயர் மந்திரத்தை இழுத்து, நீட்டி, நிறுத்தி, தாளைப் பார்த்து, "குலவீரசிங்கம்" என்றார். "இந்த ஆன்மா எந்தக் குறையுமில்லாமல் பிதிர்லோகம் போய்ச் சேரவேணுமெண்டு மூண்டு தரம் சொல்லி, கல்லை விடுங்கோ."

எனக்குக் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. ஆனால் ஐயர் மந்திரம் சொல்லும்போது குறுக்கே பேசுகிற பழக்கம் எங்களிடம் இல்லை. தலைவர், இது வேறொரு குலவீரசிங்கமாக்கும் என்று நினைத்தாராம். உபதலைவி, செயலாளருக்குத் தெரியாமல் நடக்காது என்று நினைத்தாராம். செயலாளராகிய நான், ஐயர் ஏதோ காரணத்தோடுதான் சொல்கிறார் என்று நினைத்தேன். குலவீரசிங்கத்தின் மனைவி யோகாம்பிகை பஸ்ஸடியில் சோற்றுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். குலவீரசிங்கமோ, காற்று இரைகிறது என்று காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு நின்றவர், பக்கத்தில் நின்றவர்கள் எறிவதைப் பார்த்து, தானும் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட நல்ல கல்லொன்றாகத் தெரிந்தெடுத்து, கண்ணில் ஒற்றி, எல்லோரையும்விடத் தூரமாக எறிந்தார்.

நாற்பத்தெட்டுக் கல்லும் விழுந்த பிறகுதான் நான் சரியான தாளை நீட்டினேன். ஐயர் அதையும் வாசித்தார். அந்த நால்வருக்கும் முறையாக எல்லாம் நடந்தது, பிறகு தகப்பன்மாருக்கும் நடந்தது, பிறகு சாப்பிட்டோம்.

முதலில் கண்டுபிடித்தவர் யோகாம்பிகைதான். கூழாங்கல்லில் நடந்தால் சத்தம் வராமல் இருக்க முடியாது, பூனை நடந்தாலும் வரும். சாப்பாட்டு மேசையிலிருந்து பஸ்ஸுக்குத் திரும்பும்போது அவர் காலடியில் கல் நொறுநொறுத்தது, பக்கத்தில் நடந்த புருசன் காலடியில் ஒன்றும் இல்லை. "இஞ்சேருங்கோ, ஒருக்கா நில்லுங்கோ," என்றார். அவர் நின்றார். அந்த நேரம் ஏரிப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது, குலவீரசிங்கம் நின்ற நிலையிலேயே அரை முழம் மேலே எழும்பி, இரண்டு காலடி தள்ளி இறங்கினார். யோகாம்பிகை சால்வையின் ஒரு நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு அவரைப் பஸ்ஸில் ஏற்றி, முன் இருக்கையில் வைத்து, இருக்கைப் பட்டியைப் போட்டுவிட்டார். ஊருக்குத் திரும்பும் வழியில் அவருக்கு வாந்தி வரவில்லை.

திங்கட்கிழமை குடும்ப வைத்தியர் அவரைத் தராசில் ஏற்றினார். பூச்சியம். தராசின் பட்டரியை மாற்றினார். பூச்சியம். வேறு அறைத் தராசைக் கொண்டுவரச் செய்தார், அதுவும் பூச்சியம். "சீனி நல்லாயிருக்கு, பிரஷர் நல்லாயிருக்கு," என்றார் வைத்தியர். "எடையைக் குறைக்கச் சொன்னனான்தான். ஆனா இவ்வளவுக்கு இல்லை." மூன்று மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் ஐயரிடம் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெரிய அதிசயம் எதையும் காணாதவராக, பால் தேநீர் குடித்தபடி சொன்னார்: "நாற்பத்தெட்டுப் பேர் ஒரே மனதோட போ எண்டு அனுப்பினா ஆர்தான் போகாமல் நிப்பினம், மாஸ்டர்? அவர் போயிட்டார். உடம்பு மட்டும் நிக்குது."

"திருப்பிக் கூப்பிட வழியில்லையோ?"

"போனவையைக் கூப்பிடுற மந்திரம் எங்கட புத்தகத்தில இல்லை. போகாமல் நிக்கிறவையைப் போகச் சொல்லுறதுதான் எங்கட தொழில்."

சங்கம் அவசரக் கூட்டம் கூடியது. வேறு சமூகமாக இருந்தால் விஞ்ஞானிகளை அழைத்திருக்கும், தொலைக்காட்சிக்குச் சொல்லியிருக்கும். நாங்கள் ஒன்றரை மணி நேரம் பேசிக் கண்டது, காலமான அங்கத்தவர் ஒருவர் கூட்டத்தில் வாக்களிக்கலாமா என்ற ஒரு கேள்வியைத்தான். சங்கத்தின் சட்டக்கோவையாகிய யாப்பில் அதற்கு விதி இல்லை. முன்வரிசையில் இருந்த குலவீரசிங்கம் கை உயர்த்தி, விதி இல்லாதவிடத்து வாக்குரிமை தொடரும் என்று விளக்கினார். அவர் சொன்னது சரி என்று ஒருவர் பாக்கியில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் முந்தியெல்லாம் அவர் விதி பேச எழும்பினால் நாங்கள் மைக்கைப் பிடுங்குவோம். பொதுக்கூட்டம் ஒவ்வொன்றிலும் முந்திய அறிக்கையில் மூன்று பிழையாவது பிடிக்கிற மனிதர், சங்கத்தில் அவரோடு கோபம் இல்லாதவர்கள் யாரும் இருந்ததில்லை.

இப்போது அவர் காலமாகிவிட்டார், அதனால் நல்லவராகிவிட்டார். முப்பத்தோராம் நாள் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. ஏழு பேர் பேசினார்கள், இரண்டு பேர் அழுதார்கள். தபாலதிபராக இருந்த காலத்தில் மழை, வெயில், ஊரடங்கு எதையும் பாராமல் கடிதம் சேர்ப்பித்தார் என்று தலைவர் உருகினார். குலவீரசிங்கம் முன்வரிசைக் கதிரையில் சால்வையால் கட்டுண்டபடி, தபாலதிபர் கடிதம் சேர்ப்பிப்பதில்லை, தபால்காரன்தான் சேர்ப்பிப்பான் என்று திருத்தினார். எல்லோரும் கைதட்டினோம். அவருக்காக ஒரு கல்வெட்டும் அச்சிட்டோம், அதாவது இறந்தவரின் பிறப்பு வளர்ப்பையும் பெருமையையும் வெண்பாவில் பாடி, படத்தோடு ஊருக்கு வழங்கும் சிறு புத்தகம். அச்சுப் பிழை திருத்தியவர் அவரேதான். எங்கள் சமூகத்தில் பிழையில்லாமல் வந்த ஒரே கல்வெட்டு அதுவென்று நான் துணிந்து சொல்வேன்.

"உயிரோட இருக்கேக்கை ஒரு நாளும் இப்படி ஒருத்தரும் என்னை மதிக்கேல்லை, மாஸ்டர்," என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். "முந்தியே செத்திருக்கலாம்."

அன்றாட வாழ்க்கையும் ஒரு மாதிரி ஓடத்தான் செய்தது. கடைகளின் தானியங்கிக் கதவுகள் அவருக்குத் திறக்கவில்லை, யாராவது வரும்வரை வாசலில் காத்து நின்று அவர்களோடு உள்ளே போனார். காற்றுள்ள நாட்களில் வெளியே போவதற்காக யோகாம்பிகை அவருடைய கோட்டின் பைகளுக்குள் இரண்டிரண்டு கிலோ பருப்புப் பைகளைச் செருகிவிட்டார், அதனால் ஒரு தரம் கடைக் காவலாளி அவரைத் திருடன் என்று மறித்தும் விட்டான். ஒரு கிழமையில் ஆட்கள் இதற்கும் பழகிவிட்டார்கள். தெருவில் கண்டால், "எப்பிடி அண்ணை, அங்காலை எப்பிடி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்கள்.

ஆனால் ஒருவர் இறந்துவிட்டார் என்று முடிவு செய்தால் விஷயம் அவரோடு நிற்பதில்லை. அவருக்கு மனைவி இருக்கிறார்.

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கோயிலில் பெண்கள் வரிசையில் குங்குமத் தட்டு கைமாறி வந்தது. யோகாம்பிகை கையை நீட்டினார். அவருக்கு முன்னால் நின்ற பெண், சங்கத்து அங்கத்தவர்தான், அவர் வீட்டில் எத்தனையோ தரம் சாப்பிட்டவர், தட்டை யோகாம்பிகையின் தலைக்கு மேலாக எட்டிப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். பக்கத்தில் குலவீரசிங்கம் தூணைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு, விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டு வெளியே வந்தேன்.

அதைவிடப் பெரியது ஐப்பசியில் காத்திருந்தது. அவர்களுடைய கடைசி மகள் மதுராவுக்கு முப்பத்து நான்கு வயதில், எத்தனையோ சாதகங்கள் பொருந்தாமல் போய், கடைசியில் தானே ஒருவரை விரும்பி, இரண்டு பக்கமும் சம்மதித்துக் கலியாணம் முற்றாகி, நாளும் குறித்திருந்தது. தகப்பனும் தாயும் சேர்ந்து நின்று, தாய் தண்ணீர் வார்க்கத் தகப்பன் மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்காக யோகாம்பிகை பத்து வருடம் நோன்பிருந்தவர். மாப்பிள்ளை நிரோசனின் அத்தை கனகேஸ்வரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, குலவீரசிங்கத்துக்கு எதிரே இருந்துகொண்டு, அது முடியாது என்றார். மகளின் தாய்மாமனும் மாமியும் தாரை வார்க்கட்டும், யோகாம்பிகை பின்வரிசையில் இருக்கட்டும், ஆராத்தித் தட்டையும் தொட வேண்டாம் என்றார்.

நான் அங்கே இருந்தேன். செயலாளர் என்ற முறையில் எங்கும் இருக்கிறேன். "இவர் இதில இருக்கிறார்தானே, கண்ணுக்கு முன்னால," என்றார் யோகாம்பிகை.

"இருக்கிறார், நான் இல்லையெண்டு சொல்லேல்லை," என்றார் கனகேஸ்வரி. "ஆனா கருமம் முடிஞ்சுது. அஞ்சலிக் கூட்டமும் முடிஞ்சுது. கல்வெட்டு என்ர வீட்டிலயும் ஒண்டு கிடக்கு." கைப்பையை மடிக்கு எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "என்ர மனுசன் போகேக்கை எனக்கு இருபத்தொன்பது வயது. முப்பது வருசமா ஒரு கலியாணத்திலயும் முன்னுக்கு வரேல்லை. ஒருத்தரும் சொல்ல முந்தி நானே பின்னுக்குப் போய் இருந்திடுவன். என்னை இருக்க வைச்சிட்டு உங்களை மட்டும் எப்பிடி நிக்க விடுறது? எனக்கொரு நியாயம், உங்களுக்கொரு நியாயமோ?"

அவர் கெட்ட மனுசி அல்ல. அவர் குரலில் கோபம்கூட இல்லை. அவர் போன பிறகு யோகாம்பிகை என் பக்கம் திரும்பி, "மாஸ்டர், ஒரு கடுதாசிக்குத் தலைப்புப் போட உங்களுக்கு என்ன கை நோவோ?" என்று கேட்டுவிட்டு, குசினிக்குள் போய் வெகு நேரம் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றார். குலவீரசிங்கம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தன் மரணத்தை வெறுத்தார். கல்வெட்டை எடுத்துக் குப்பைக்குள் போட்டார்.

புரட்டாசியில் மகாளய அமாவாசை வந்தது. இந்த முறை நானே வற்புறுத்திப் பஸ் ஒழுங்கு செய்தேன். எறிந்த கற்களை எடுத்துவிட்டால் எடையும் திரும்பிவிடும் என்பது என் கணிப்பு. நாற்பத்தெட்டுக் கல், கரையிலிருந்து இருபது அடிக்குள், ஆறு மணி நேரம், நாற்பத்தெட்டுப் பேர், ஆளுக்கு ஒன்று. கணிதத்தில் எந்தப் பிழையும் இல்லை. ஏரிக்கரையில் மரங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன, தண்ணீர் விறைத்தது, மதுராவும் நிரோசனும் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் இறங்கிக் கல்லை அள்ளி அள்ளிக் கொடுக்க, நாங்கள் வரிசையாகக் கைமாற்றி, பாறையில் கட்டுண்டிருந்த குலவீரசிங்கத்தின் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்து வைத்து எடுத்தோம். கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டவை மட்டுமே முன்னூறு இருக்கும். ஒன்றாலும் அவர் கனக்கவில்லை.

தொப்பிக்காரப் பெண் வந்து என்ன தொலைத்தீர்கள் என்று கேட்டாள். மதுரா, அப்பாவின் எடை என்று உள்ளதைச் சொன்னாள். அந்தப் பெண் ஒரு படிவத்தை எடுத்து, தொலைந்த பொருள், தொலைந்த திகதி, அளவு எல்லாம் கேட்டு எழுதினாள். அறுபத்தெட்டுக் கிலோ. அடையாளம் ஏதும் உண்டா என்று கேட்டாள். கண்டெடுத்தால் தொலைபேசி எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். என் வாழ்க்கையில் கண்ட மிகச் சிறந்த அரசாங்க ஊழியர் அவள்.

பின்னேரம் மூன்று மணியளவில் எல்லோரும் களைத்து உட்கார்ந்துவிட்டோம். யோகாம்பிகை மட்டும் எழும்பினார். கல் நொறுங்கும் சத்தத்தோடு நடந்து ஐயருக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, என்ர பேரையும் வாசியுங்கோ."

ஐயருக்கு விளங்கவில்லை. எங்களுக்கும்தான்.

"புருசனுக்கு முந்திப் போற பொம்பிளை சுமங்கலி, புருசனோட போற பொம்பிளையும் சுமங்கலி. இஞ்ச நிண்டாத்தானே விதவை?" என்றார். "நானும் அங்காலை போறன். பிறகு நானும் அவரும் சோடியா வந்து எங்கட பிள்ளையைக் குடுக்கிறம். செத்த தாய் தேப்பன் வந்து தாரை வார்க்கக் கூடாதெண்டு எந்தப் புத்தகத்தில கிடக்கு, காட்டுங்கோ பாப்பம்."

ஐயர் உண்மையாகவே புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். "தடையில்லை," என்றார் மெதுவாக. "பிதிரர் நேரில வந்து ஆசீர்வதிக்கிறது விசேஷம்."

"விசரே உனக்கு?" என்று பாறையிலிருந்து கத்தினார் குலவீரசிங்கம். "காத்தடிச்சா நான் படுற பாடு உனக்குத் தெரியாதோ? நீயும் இப்பிடி ஆனா ஆர் என்னைப் பிடிச்சுக்கொண்டு நடக்கிறது?"

"ஏன், ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கொண்டு போறதுதான். நாற்பத்திரண்டு வருசமா என்ன செய்தனாங்கள்?"

மதுரா தண்ணீரிலிருந்து ஓடிவந்து தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கலியாணமே வேண்டாம் என்று அழுதாள். யோகாம்பிகை அவளுடைய ஈரக் கையைத் தன் சேலையால் துடைத்து, "உனக்காக மட்டுமில்லை, பிள்ளை. அந்தக் குங்குமத் தட்டு என்ர தலைக்கு மேலால போனது. எனக்கு அது பொறுக்கேல்லை," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒரு தாளை எடுத்து, காலமானவர் என்று தலைப்புப் போட்டு, கீழே யோகாம்பிகை என்று எழுதினேன்.

ஐயர் வாசித்தார். ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லிக் கல்லை விட்டார்கள். குங்குமத் தட்டை மேலால் கொடுத்த பெண் விம்மி விம்மி அழுதுகொண்டு விட்டார். குலவீரசிங்கம் தன் கல்லைக் கடைசி நேரம்வரை கைக்குள் பொத்தி வைத்திருந்து, மனைவி தலையசைத்த பிறகுதான் போட்டார், அதுவும் தூரமாக அல்ல, கிட்ட. எனக்குக் கை எழும்பவில்லை. யோகாம்பிகை என்னிடம் வந்தார்.

"எறியுங்கோ, மாஸ்டர். அண்டைக்கு யோசிக்காமல் எறிஞ்சனீங்கள். இப்ப என்ன யோசினை?"

எறிந்தேன். கல் தண்ணீரைத் தொட்டதும் அவருடைய கால் விரல்களுக்குக் கீழே இருந்த கூழாங்கற்கள் ஒரு சின்னச் சத்தத்தோடு பாரம் நீங்கித் தளர்ந்தன. அவ்வளவுதான். அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, புருசனின் சால்வை நுனியை அவிழ்த்து இருவருமாகப் பிடித்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்.

செய்தி எங்களுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தொடக்கத்தில் அவர்கள் கொஞ்சம் குழம்பினாலும், யோசிக்க யோசிக்கப் பெருமைப்பட்டுவிட்டார்கள். மந்திரி வந்த கலியாணம் உண்டு, நடிகர் வந்த கலியாணம் உண்டு, பிதிரர் நேரில் வந்து கன்னிகாதானம் செய்த கலியாணம் இந்த நகரத்தில் எங்கே நடந்தது என்று மாப்பிள்ளையின் தகப்பன் எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னார். சங்கத்திலிருந்து இரண்டு சோடிகள் தனியே என்னிடம் வந்து, அடுத்த ஆடி அமாவாசைக்குத் தங்கள் பெயர்களையும் வாசிக்க இயலுமா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்கள். முழங்கால் வலி போய்விடும் அல்லவா என்றார்கள். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

ஐப்பசியில் கலியாணம் நடந்தது. மண்டபத்தின் மின்விசிறிகளை நிறுத்திவைத்தோம். குலவீரசிங்கம் வேட்டி மடிப்புக்குள் பருப்போடும் யோகாம்பிகை கூறைச்சேலைக் கொசுவத்துக்குள் பருப்போடும் மேடையில் ஏறினார்கள், படிகளில் ஒரு சத்தமும் எழவில்லை. தாய் தண்ணீர் வார்க்க, தகப்பன் மகளின் கையைக் கொடுத்தார். அறுநூறு பேரும் எழும்பி நின்று பார்த்தோம். யோகாம்பிகையின் நெற்றியில் பெரிய பொட்டு, ஒரு ரூபாய்க் குற்றி அளவில், வேண்டுமென்றே வைத்தது. எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவும் நான் முயலவில்லை.

ஆராத்தி எடுக்கிற நேரம் வந்தது. சுமங்கலிகள் இரண்டு பேர் தட்டின் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும். சங்கத்துப் பெண்கள் பாதிப் பேர் சேலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்கள், பிதிரரோடு சேர்ந்து ஆராத்தி எடுக்க யாருக்குத்தான் ஆசை இராது. யோகாம்பிகை தட்டை எடுத்துக்கொண்டு மேடையால் இறங்கினார். அவர்களையெல்லாம் தாண்டி, வரிசைகளுக்கு நடுவால் நடந்து, கடைசி வரிசையில் வாசலோடு ஒட்டிய கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்த கனகேஸ்வரிக்கு முன்னால் போய் நின்றார்.

"எழும்புங்கோ. மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ."

கனகேஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. "நான் எடுக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியும்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான். பெரியாக்கள், முன்னோர்."

"அந்த முன்னோரில இப்ப நானும் ஒருத்தி," என்றார் யோகாம்பிகை. "நான் சொல்லேல்லை. எழும்புங்கோ, தங்கச்சி. செத்தது நான், நீங்களில்லை."

மண்டபத்தில் நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார். கனகேஸ்வரி கைப்பையைக் கதிரையில் வைத்தார், விழுந்தது, மறுபடியும் எடுத்து வைத்தார். பிறகு எழுந்து இரண்டு கையாலும் தட்டின் மற்ற விளிம்பைப் பிடித்தார். இருவருமாக மேடைக்கு வந்து மணமக்களுக்கு முன்னால் மூன்று தரம் சுற்றினார்கள். பெரிய பித்தளைத் தட்டு, மஞ்சள் தண்ணீர் நிறைந்தது. யோகாம்பிகைக்கு எடை இல்லை, தட்டின் பாரம் முழுக்கக் கனகேஸ்வரியின் கையில்தான் இருந்தது. மூன்றாவது சுற்று முடிந்ததும் யாரோ தட்டை வாங்க வந்தார்கள். அவர் கொடுக்கவில்லை. முப்பது வருடத்துக்குப் பிறகு கிடைத்த அந்தப் பாரத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் தண்ணீர் சேலையில் சிந்தச் சிந்த, அப்படியே நின்றார்.